தானேக்காரர்

“முட்டிதானே? நாயோட முட்டிதானே?” என்று கேட்டுக்கொண்டே அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஸ்பூனின் பின்பக்கத்தால் கணக்குப் போட ஆரம்பித்தார். “எக்ஸ்ரே. ஆபரேஷன். அப்புறம் நடக்கப் பழக்கிவிடத் தனியா ஒரு ஆள். நடக்க! நாய்க்கு! ஏம்மா, இந்தக் காசுக்குப் புதுசாவே நாலு நாய் வாங்கிடலாமேம்மா.”

எதிரே உட்கார்ந்திருந்த, அவர் அலுவலகத்தின் வரவேற்பு மேசைப் பெண் பாதிச் சாப்பாட்டோடு தன் டப்பாவை மூடினாள்.

“நாலு நாய் எனக்கு எதுக்கு சார்? எனக்கு அவன் ஒருத்தன் நடந்தா போதும்.”

அவள் எழுந்து போன பிறகும் ஸ்பூன் கொஞ்ச நேரம் மூடியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது. நாலரை நாய்.

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தேவையில்லை. இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சொல்லின் வால் போதும்: தானே. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர், ஒவ்வொரு மாடிக் குடியிருப்பிலும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கடைசி வரிசையில் ஒருவர் என்று இவர்கள் பரவியிருக்கிறார்கள்; உங்களுக்குப் பல்வலி என்றால் பல்தானே, பிடுங்கிப் போடுங்க என்பார்கள்; ஆசையாக வளர்த்த செடி பட்டுப்போனால் செடிதானே என்பார்கள்; வேலை போனவனின் முதுகில் தட்டி வேலைதானே என்பார்கள்; அப்படிச் சொன்ன மாத்திரத்தில் உங்கள் துக்கம் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று மனதார நம்பி, மீதிப் பாதிக்கும் ஏதாவது சொல்ல முடியுமா என்று யோசித்தபடி நிற்பார்கள். கெட்டவர்களா? இல்லை. ஆறுதல்தான் சொல்கிறார்கள். சொல்லும் விதம் அப்படி.

தங்கள் பொருளுக்கு மட்டும் இந்த வாலை ஒட்ட மாட்டார்கள். போன வருடம் நம் தானேக்காரரின் ஸ்கூட்டரில் யாரோ கீறல் போட்டுவிட்டுப் போனபோது, அவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். ஸ்கூட்டர்தானே என்று ஒருவரும் சொல்லவில்லை. விவரம் போதாதவர்கள்.

அவருக்கு இது தொழிலிலிருந்தும் வந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர். கட்டடத்துக்குள் நுழைவார், லிஃப்டில் ஏறி இறங்குவார், கண்ணை மூடிக் கம்பியின் சத்தத்தைக் கேட்பார், வெளியே வந்து தீர்ப்புச் சொல்வார். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதிக்கு மேல் போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இதுதான் அவருடைய பாதி விலை விதி. லிஃப்ட் விஷயத்தில் இந்த விதி மிகவும் சரி. எந்த லிஃப்டும் யார் மடியிலும் ஏறிப் படுத்துக்கொள்வதில்லை.

அவர் வீட்டில் ஒரு பூனை இருந்தது. “இருக்கு, அவ்வளவுதான். வளர்க்கல்லாம் இல்லை” என்பார். ஒரு மழை நாளில் சமையலறை ஜன்னல் வழியாக வந்தது. மறுநாள் விரட்டிவிடுவதாகச் சொன்னார். அந்த மறுநாள் இன்னும் வரவில்லை. பெயரும் வைக்கவில்லை. அவர் நாளிதழ் படிக்கும் நாற்காலியில் அது ஏறிப் படுத்திருப்பதைப் பார்த்து, “துரைக்கு இன்னும் விடியலையோ?” என்று குத்தலாகக் கேட்பார். பால் ஆறிவிட்டது என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், “துரைக்குச் சூடு பத்தாதாம்” என்று மனைவியிடம் புகார் சொல்வார். சொல்லிவிட்டு அவரே போய்ச் சூடாக்கிக்கொண்டு வருவார். இப்படித் திட்டித் திட்டியே அதற்குத் துரை என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்தத் துரை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

முதல் நாள் திமிர் என்றார். அடுத்த நாள் அஜீரணம் என்றார். அதற்கடுத்த நாள் காலையில் நாற்காலி காலியாக இருந்தது. துரை கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்து, “துரை, ஏய் துரை” என்று கூப்பிட்டார். அது காதைக்கூட அசைக்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டு, மச்சினனுக்கு ஆபரேஷன் என்று விடுப்புச் சொன்னார். அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துக் காலி செய்தார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என் தம்பிக்கா ஆபரேஷன்? எப்பங்க?”

“பூனைக்குன்னு சொன்னா சிரிப்பாங்க” என்றார். “பழைய துண்டு ஒண்ணு எடு. பழசு வேண்டாம். அந்த மெத்துனு இருக்குமே, அது.”

கால்நடை ஆஸ்பத்திரியில் ஃபினாயில் வாசனை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். காதில் பஞ்சோடு ஒரு முயல், பேச மறுத்துவிட்ட ஒரு கிளி, அவற்றின் குடும்பத்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தவர் பெயர் கேட்டார். அவர் தன் பெயரைச் சொன்னார்.

“உங்க பேர் இல்லைங்க. பேஷண்ட் பேர்.”

அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “துரை” என்றார்.

மனைவிக்குப் பக்கத்தில், கூடையை மடியில் வைத்து, துண்டால் மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு, காலில் கட்டுப் போட்ட ஒரு பழுப்பு நாயை இடுப்போடு அணைத்துத் தூக்கியபடி அந்த வரவேற்பு மேசைப் பெண் வந்தாள். தப்பிக்க வழியில்லை. ஒளிந்துகொள்ளக் கிளியின் கூண்டு சிறியது.

அவள் அவரைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். துண்டுக்கு வெளியே தெரிந்த வாலைப் பார்த்தாள்.

“பூனைதானே சார்?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஆமா, பூனைதான்! பூனைன்னா என்ன? அதுக்கு வலிக்காதா? மூணு நாளா பச்சைத் தண்ணி இறங்கலை. பூனைதானேன்னு சுலபமா சொல்லிட்டேம்மா நீ! உனக்கு ஒண்ணுன்னா தெரியும்!”

முயல்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கிளிகூடப் பார்த்தது.

“அதுக்கில்லை சார்” என்றாள் அவள். “இவனுக்குப் பூனைன்னா ஆகாது. பூனைன்னா நான் அந்தக் கோடியில போய் உக்காந்துக்குவேன். அதுக்குத்தான் கேட்டேன்.”

பாருங்கள், அதே வால்தான். ஒருவர் வாயிலிருந்து வந்தால் கேள்வி, இன்னொருவர் வாயிலிருந்து வந்தால் தீர்ப்பு. இத்தனை வருடம் தீர்ப்பாகவே சொல்லிப் பழகியவருக்கு அது கேள்வியாக வந்தபோது காதில் ஏறவில்லை.

“துரையோட அப்பா யாருங்க? உள்ள வாங்க” என்று கூப்பிட்டார்கள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி முழங்கையால் இடித்தாள். “எந்திரிங்க. உங்களைத்தான்.”

டாக்டர் அம்மாள் துரையின் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தார். வயிற்றை விரலால் அமுக்கினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எஸ்டிமேட்காரருக்குப் பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. “கையால பார்த்தாச்சே, மெஷின் எதுக்கு?” என்று கேட்டார்.

“மனுஷங்கன்னா எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவாங்க” என்றார் டாக்டர். “இது சொல்லாது. மெஷின்தான் சொல்லணும். அதுவும் காசில்லாம சொல்லாது.”

மெஷின் சொன்னது: நூல். நீளமான நூல் ஒன்று குடலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு, நாடா கோத்து இழுத்த துணி மாதிரி குடலைச் சுருக்கிவிட்டது. இன்றைக்கே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். நாளைக்கு என்றால் கை விட்டுப் போய்விடும்.

“வீட்டுல யார் நூல் வச்சு இதோட விளையாடறது?”

“யாரும் இல்லை டாக்டர்” என்றாள் மனைவி. “நான் கிட்டயே சேர்க்க மாட்டேன். இவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.”

தானேக்காரர் சுவரிலிருந்த எலும்புப் படத்தைக் கொஞ்ச நேரம் படித்தார்.

“நான்தான்” என்றார். “நீ கடைக்குப் போற நேரத்துல. லிஃப்ட் நேரா நிக்குதான்னு பார்க்கக் குண்டு கட்டித் தூக்குநூல் விடுவோமே, அந்த நூல். ஆட்டினா எம்பி எம்பிக் குதிக்கும். நல்லா குதிக்கும்.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு எஸ்டிமேட் இருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கையில் கொடுத்தே பழகிய காகிதம். முதலில் பழக்க தோஷத்தில் ‘இதர செலவுகள்’ என்ற வரியைத் தேடினார்; அவர் போடும் எஸ்டிமேட்டில் கொழுத்த வரி அதுதான். இதில் அப்படி ஒன்று இல்லை. மயக்க மருந்து, தையல், ஊசி, படுக்கை எல்லாம் இருந்தன. கூட்டுத்தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற அளவுக்கு இருந்தது. பிறகு பாதி விலை விதியைப் போட்டுப் பார்த்தார். புதியதன் விலை என்ன? ஜன்னல் வழியாகச் சும்மா வந்த பூனை. சும்மாவில் பாதி எவ்வளவு? அதற்கு மேல் ஒரு ரூபாய் ஆனாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தார். விதியில் தவறே இல்லை.

கூடைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

“சார்” என்று கோடியிலிருந்து அவள் கூப்பிட்டாள். “பயப்படாதீங்க. புதுசா நாலு வாங்கலாம்னு சொல்ல மாட்டேன்.”

அவர் எஸ்டிமேட்டை நாலாக மடித்தார்.

“தவணையா கட்டலாம் சார். போர்டுல போட மாட்டாங்க, கேட்டா குடுப்பாங்க. கேக்கத்தான் கூச்சமா இருக்கும். நான் ரெண்டு நாள் இந்தக் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கேன்.”

“இன்னிக்கு லீவாம்மா?”

“தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“ஐயோ, தங்கச்சிக்கு என்ன?”

“முட்டி” என்றாள். நாய் வாலை ஆட்டியது.

அவர் அன்று வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு போய்த் தவணை கேட்டார். கேட்கும்போது குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கொடுத்தார்கள்.

துரையை உள்ளே கொண்டுபோன பிறகு, காலிக் கூடையோடு அவர் அந்தக் கோடி நாற்காலியில், அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாய் அவரை முகர்ந்தது; பூனை வாசனை பிடிக்கவில்லை என்று தும்மியது; பிறகு அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. கால் மரத்துப்போயிற்று. நகர்த்தவில்லை. கணக்கும் போடவில்லை.

டாக்டர் ஒரு தட்டில் அந்த நூலைக் கொண்டுவந்து காட்டினார். “பொழைச்சுக்குவா. ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்.”

“பொழைச்சுக்குவாளா?” என்றார் அவர். “துரையைக் கேக்கறேன் டாக்டர்.”

“துரையைத்தாங்க சொல்றேன். அது பொண்ணு.”

மறுநாள் அவர் வழக்கம் போல வேலைக்குப் போனார். மேனேஜர், “மச்சினன் எப்படி இருக்கார்?” என்று கேட்டார். “தையலை நக்காம பார்த்துக்கறாங்க சார்” என்றார். மேனேஜர் மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு எஸ்டிமேட் போட்டார். மதியம் சாப்பாட்டு மேசையில் வரவேற்பு மேசைப் பெண்ணிடம், “தங்கச்சிக்கு முட்டி எப்படிம்மா?” என்று விசாரித்தார். பரவாயில்லை என்றாள். அந்த நேரத்தில் கேஷியர் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. வீட்டுத் தொட்டியில் அவருடைய தங்க நிற மீன் இரண்டு நாளாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே நீந்துகிறதாம். மீனுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

தானேக்காரர் மூடியைக் கவிழ்த்து வைத்தார். ஸ்பூனை எடுத்தார்.

“மீன்தானே?” என்றார்.

இந்த இடத்தில் ஒருவர், அதானே, மீனுக்குப் போய் டாக்டரா என்று லேசாகச் சிரித்தார். நீங்கள்தானே?