கேட்காத காதுக்கு ஒரு கட்டளை

காலை ஒன்பது பத்து. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் காது பிரிவில் எனக்கு முன்னால் பதினேழு பேர். பதினெட்டாவது நான். படையில் வைத்த பெயர் ‘பீரங்கி’.

இருபத்திரண்டு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது முக்கால்வாசி போய்விட்டது. அது நிஜம். வலது காதுக்கு ஒரு குறையும் இல்லை. அது ராணுவ ரகசியம். வீட்டில் இரண்டுமே போச்சு என்று அறிவித்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவணும் என்பாள் மனைவி. அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்பேன். அவளே கழுவிவிடுவாள். பதினோரு வருடமாக நிம்மதி.

போன மாதம் தெருவைக் கடந்தபோது இடப்பக்கம் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை. அதில் நடிப்பு இல்லை. காலரைப் பிடித்து இழுத்தவள் மனைவி. அன்று சாயங்காலமே ஒரு படிவத்தை நீட்டி ஏதோ சொன்னாள். பழக்க தோஷம், காதில் வாங்காமல் கையெழுத்துப் போட்டேன். அரசாங்கம் தரும் காது மெஷினுக்கான விண்ணப்பம் அது.

மெஷின் வந்தால் என் நிம்மதி போய்விடும். வரிசையில் நின்ற பழைய படை டிரைவரிடம் யோசனை கேட்டேன்.

“ரெண்டும் சுத்தமா போச்சுன்னா மெஷின் பிரயோஜனமில்லைன்னு எழுதிடுவாங்க. பொத்தானைத் தொடாதே. சிலை மாதிரி உக்காரு.”

கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். கூட வந்த மனைவி வெளியே, பரிசோதிக்கும் பெண்ணின் பக்கத்தில். காதுகளில் ஹெட்போன், கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் வலது காது. கொசு பாடியது, விசில் ஊதியது, கடைசியில் ரயிலே ஓடியது. நான் சிலை.

பரிசோதிக்கும் பெண் சலித்துப்போய், மைக்கை அணைக்காமலே, ஐயாவுக்கு எதுவுமே கேட்கலைம்மா என்றாள். தேனாக இருந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கவா என்று கேட்டாள் மனைவி. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் சொன்னாள்:

“அட்டென்ஷன்.”

இருபத்திரண்டு வருடப் பயிற்சி மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. எழுந்து நின்றேன். குதிகால்கள் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. ஹெட்போன் தரையில் கிடந்தது.

மனைவி கதவைத் திறந்தாள்.

“உக்காருங்க. தூக்கத்துல நீங்க கத்திக் கத்தி எனக்கே பாடமாயிடுச்சு.”

“வலது காது விஷயம் எப்பத்துலேருந்து தெரியும்?”

“பதினோரு வருஷமா. போனா போகுதுன்னு விட்டேன். லாரிக்கு உங்க நடிப்பு தெரியாதே.”

கீழே கிடந்த ஹெட்போனை நானே எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி இடது காதில் மெஷினைப் பொருத்தினார்கள். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் செல்போனில். செல்போன் மனைவியுடையது.

ஜூன் பத்தாம் தேதி தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.