மாடி வீட்டு வாத்து

“ஆய் வந்தாச்சு!” என்று மாடியிலிருந்து மூத்தவள் கூவியதும், கீழே இளையவளின் தையல் மெஷினில் ஊசி பட்டென்று முறிந்தது.

இன்றோடு நான்காவது நாள். போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் குடியிருக்கும் மூத்த ஓரகத்தி ஒரு மஞ்சள் வாத்து வாங்கிவந்தாள். குழந்தைகள் உட்கார்ந்து ஆய் போகிற பிளாஸ்டிக் வாத்து. அன்றிலிருந்து அவள் பையன் துரை காலை ஏழு மணிக்கு டாணென்று போய்விடுகிறானாம். துரைக்கு இரண்டரை வயது. இளையவளின் மகள் குட்டிக்கும் அதே வயதுதான். ஆனால் குட்டி நான்கு நாளாக வீட்டில் ஒன்றும் போகவில்லை.

இதற்குமா பொறாமைப்படுவார்கள் என்று சிரிக்காதீர்கள், கண்ணுகளா. பெற்றவளுக்குத்தான் தெரியும். இவளுக்கு வயிறு எரிந்தது.

காலையில் அவசரத் தையல் முடியும்வரை குட்டி மாடியில்தான் விளையாடுவாள். எட்டு மணிக்குத் தூக்கிவரப் போனால், மூத்தவள் படியிலேயே பிடித்துக்கொள்வாள்.

“உன் பொண்ணு இன்னைக்காவது போனாளா?”

“இன்னும் இல்லக்கா.”

“ஐயோ பாவம்! எங்க துரையப் பாரு. நான் அடுப்படியில இருக்கறப்பவே, யாரும் சொல்லாம கூடத்துல போயிட்டு, வாத்து பக்கத்துலயே சமத்தா நிக்கிறான். கழுவக்கூட வேண்டியதில்ல, அவ்ளோ சுத்தம்!”

அன்றைக்கே இளையவள் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குட்டி கிளுகிளுவென்று சிரித்தாள்.

“வயிறு பஞ்சு மாதிரி இருக்கே! நல்லா சாப்பிடுறாளா?”

“சாப்பிடுறா டாக்டர். விளையாடுறா, தூங்குறா. அதான் பயமா இருக்கு.”

“பால் அதிகம்னா கொஞ்சம் கொறைங்க. தண்ணி, பழம் நல்லா குடுங்க. சாப்பிட்டதும் கால் பதியுற மாதிரி அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க. மிரட்டக் கூடாது.”

“மருந்து?”

“இப்ப வேணாம்.”

மருந்தே எழுதாதவர் என்ன டாக்டர் என்று முனகிக்கொண்டே, வழியில் ஒரு பை நிறையப் பேரிக்காய் வாங்கினாள். மாலையில் ஊட்டினாள். குட்டி சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மாடியிலிருந்து குரல் வந்தது.

“இன்னைக்கு ரெண்டு தடவை!”

இளையவள் மெஷினை மூடிவிட்டு நேராகக் கடைக்குப் போனாள். அவர்களிடம் வாத்து என்றால் நம்மிடம் யானை. உட்கார்ந்தால் பாட்டுப் பாடுகிற யானை. குட்டி ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். யானை பாடியது. குட்டி வீலென்று அலறிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். அதன் பிறகு குளியலறைப் பக்கமே தலைவைக்கவில்லை.

“வாத்தா யானையான்னு ரெண்டு பேரும் தேர்தல்ல நிக்கிறீங்களா?” என்றான் கணவன்.

“சிரிங்க! அவங்க பையன் ரெண்டு தடவை போறான். நம்ம பொண்ணுக்கு என்ன கொறைச்சல்?”

கட்டிலுக்கடியில் தலையை நீட்டிக் குழைந்தாள். “தங்கம்ல? அம்மாவுக்காக ஒண்ணே ஒண்ணு, ஒரு சின்ன ஆய் போடி.”

“காலி!” என்று குட்டி இரண்டு கைகளையும் விரித்தாள்.

பெற்றவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. சரி, விடுவதில்லை. அன்று மாலை பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, மிச்சமிருந்த பேரிக்காய், எல்லாவற்றையும் கதை சொல்லிச் சொல்லி உள்ளே அனுப்பினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குள் மாடி அதிர்ந்தது.

“மூணு! மூணு தடவை! பெயின்டர், நீங்களும் கை தட்டுங்க!”

நான்கு நாளாக மாடிக் கூடத்தில் ஏணி போட்டு வேலை செய்துகொண்டிருந்த பெயின்டரும் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. இளையவளுக்குத் தலைக்கேறிவிட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

“வா வா,” என்றாள் மூத்தவள். துரை சோபாவுக்குப் பின்னால் உம்மென்று நின்றுகொண்டிருந்தான். “எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு. தப்பா எடுத்துக்காதே.”

மூத்தவளைத் திட்ட முடியாது. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குட்டியை வெடுக்கென்று தூக்கினாள். கவுனின் பின்பக்கமெல்லாம் பழுப்பாக ஈரம். நல்லவேளை, திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தான்.

“ஏம்ப்பா பெயின்டர்! குழந்தைங்க விளையாடுற எடத்துல பாத்து வேலை செய்யமாட்டியா? புதுக் கவுன் பூரா உன் பழுப்பு பெயின்ட்!”

பெயின்டர் பிரஷை டப்பாவில் வைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கினான்.

“நான் அடிக்கிறது வெள்ளைங்கம்மா, தெனமும் அந்த வாத்து மேல உக்காந்து பழுப்பு அடிக்கிறது உங்க பாப்பா, பெரியம்மா ஓடிவந்து கை தட்டுறதுதான் தம்பிக்கு!”