அறுபத்து மூன்று டி-ஷர்ட்டும் ஒரு செல்லத்தாயும்

அரவணைப்பு ஒருங்கிணைப்பாளர் என்றொரு இனம் உண்டு. ஆய்வு மாணவர்கள் பத்துப் பேர் கூடினால் பதினோராவதாக வந்து நிற்பார்; கையில் மைக் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலை மைக் மாதிரி பிடித்திருப்பார். "யாரும் தனிச்சு நிக்கக் கூடாதுங்க" என்பதுதான் அவர் பேச்சின் தொடக்கம், நடு, முடிவு. கேட்பவர்களுக்குக் கண் கலங்கும். பிறகு கொட்டாவி வரும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தப் பதவியில் இருப்பவர் சரவணக்குமார். ஏழாவது வருட ஆய்வாளர். ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள், பாவம். உள்ளூர்க்காரர், தெற்கத்திக்காரர், இந்தி பேசுபவர், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், கைக்குழந்தையோடு படிப்பவர் என்று எல்லோரையும் ஒரே குடும்பமாக்குவது அவர் லட்சியம். அதற்கு என்ன வழி? வேறு ஊராக இருந்தால் உட்கார்ந்து யோசிப்பார்கள். திருப்பூரில் யோசிக்க என்ன இருக்கிறது? டி-ஷர்ட் அடிக்க வேண்டியதுதான்.

மூன்று மாதம் கூட்டம் நடந்தது. துணியின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், கழுத்து வட்டமா காலரா, கை விளிம்பை மடித்துத் தைப்பதா ரிப் பட்டி வைப்பதா என்று, வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியில் இருக்கும் தைரியத்தில், அறுபத்து மூன்று பேரும் அறுபத்து நான்கு கருத்துச் சொன்னார்கள். அந்த அறுபத்து மூவரில் ஒருவரான பிரிசில்லா எதில் ஆய்வு செய்கிறார் என்று சரவணக்குமாருக்குத் தெரியாது. அவர் மீடியம் சைஸ் என்று தெரியும். கடைசியில் வாட்ஸப் குழுவில் அறிவிப்பு போட்டார்: "இந்தக் குழுவில் சேர்க்கப்படாமல் விடுபட்டவர்கள் உடனே இந்தக் குழுவில் தெரிவிக்கவும்."

யாரும் தெரிவிக்கவில்லை. "பாத்தீங்களா, ஒருத்தரும் உட்டுப் போகலீங்க!" என்று பூரித்துப்போனார்.

விட்டுப்போனவர் ஒருவர் இருந்தார். செல்லத்தாய். தெற்கிலிருந்து வந்து, பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்டில் செக்கிங் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் படிக்க வருபவர். வாட்ஸப் குழு தொடங்கிய நேரத்தில் அவர் ஷிப்டில் இருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை, ஆய்வை மதிப்பிடும் பேராசிரியர்கள் முன்னால் பேச வேண்டும். சொதப்பினால் பதிவே ரத்தாகும். நான்கு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒருமுறை பேசிப் பார்க்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரைத்தான் அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை செக்கிங் மேசைக்கு ஒரு கட்டு டி-ஷர்ட் வந்தது. நெஞ்சில் "யாரும் தனியில்லை" என்று அச்சு. கீழே அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயர். அறுபத்து மூன்றிலும் நூல் பிசிறு வெட்டி மடித்துக் கொடுத்துவிட்டு, யார் அடிக்கச் சொன்னது என்று விசாரித்து நேரே சரவணக்குமாரிடம் போனார்.

"அண்ணே, பீசு எல்லாம் நல்லாருக்கு. என் சைஸ்தான் ஒண்ணுமில்ல."

"நீங்க யாருங்க?"

"ரெண்டு வருசமா இங்கனதான் படிக்கேன். சட்டை வேண்டாம்ணே. நான் பேசுறத நாலு பேரு உக்காந்து கேட்டாப் போதும்."

சரவணக்குமார் துடித்துப்போனார். அதில் பொய்யில்லை, நல்ல மனிதர். உடனே என்ன செய்தார்? "விடுபட்டோர்" என்று புதுக் குழு தொடங்கி செல்லத்தாயைச் சேர்த்தார். உறுப்பினர் ஒருவர், அட்மின் ஒருவர். "இனி நீங்க தனி இல்லீங்க" என்று செய்தியும் போட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய குழுவில் பெருமையாகக் கேட்டுவிட்டார்: "வேறு யாராவது விடுபட்டதாக உணர்கிறீர்களா?"

பிரிசில்லா கை தூக்கும் எமோஜி போட்டார். இன்னொரு ஆய்வாளர் ராக்கையாவும் போட்டார். மற்றவர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள், நாம்தான் வெளியே நிற்கிறோம் என்று அத்தனை பேரும் தனித்தனியாக நினைத்திருக்கிறார்கள்! சாயங்காலத்துக்குள் புதுக் குழு நிரம்பிவிட்டது.

அந்தப் புதுக் குழுவில் கேட்டுவைத்துவிட்டு, புதன்கிழமை மூன்று மணிக்கு நூலக மாடியில் செல்லத்தாய் நான்கு பேரை எதிர்பார்த்து நின்றார். நாற்பது பேர் வந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி குடிச்சுட்டு மெதுவாச் சொல்லுங்க, நாங்க எங்கயும் போகலீங்க" என்றார் பிரிசில்லா. செல்லத்தாய் மூன்று தடவை பேசினார். மூன்று தடவையும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை தேறிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்குத்தான் டி-ஷர்ட் வெளியீட்டு ஆலோசனைக் கூட்டமும். சரவணக்குமார் அதைப் பழைய குழுவில் மட்டும் அறிவித்திருந்தார். அந்தக் குழுவை இப்போது யார் பார்க்கிறார்கள்? அறுபத்து இரண்டு டி-ஷர்ட் மேசையில் இருக்க, அறுபத்து மூன்றாவதைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் "யாரும் தனியில்லை" என்ற எழுத்தோடு சரவணக்குமார் தனியாக உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய்தான் இறங்கி வந்து டீ குடிக்கக் கூட்டிப் போனார்.

சிரிக்கிறீர்களா? இதை உடனே நம்ம குரூப்பில் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? போடுங்கள். அதற்கு முன் உங்கள் சைஸ் என்ன என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மேசையில் அந்த டி-ஷர்ட்டெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன.