சான்டா கிளாராவுல பதினாலு கோட்டை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க தமிழ்க் குரூப்புக்கு ஒரு ஈமெயில் அனுப்பணும்.

தொண்ணூத்தேழாம் வருஷம். சான்டா கிளாராவுல அபார்ட்மென்ட். வீட்டுக்காரருக்கு சாஃப்ட்வேர் வேலை, எனக்கு ஹிஸ்டரி எம்.ஏ. படிப்பு.

நான் பாளையங்கோட்டைக்காரி. ஊர்ப் பேருல முழுக் கோட்டை இருக்கு, ஊருக்குள்ள தேடுனா மிச்சம் மீதிதான் கிடைக்கும். இப்படிக் கோட்டை போயி பேரு மட்டும் நிக்கிற ஊர்களைப் பத்தித்தான் தீசிஸ் எழுதணும்னு ஆசை. சாதாரண ஆசை இல்ல. தூக்கத்துல புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, கந்தர்வகோட்டைன்னு பஸ் கண்டக்டர் மாதிரி கூவுவேனாம். வீட்டுக்காரர் சாட்சி.

ப்ரொஃபசர் மேடத்துக்கு மட்டும் நம்பிக்கை இல்ல. அவங்க இங்கிலீஷை நம்ம தமிழ்ல சொல்றேன்.

"இங்க உட்கார்ந்துக்கிட்டு அந்த ஊர்க் கோட்டையை எப்படி ஆராய்ச்சி பண்ணுவே?"

"எங்க ஆளுங்க இங்கயே நிறைய பேர் இருக்காங்க மேடம். ஒவ்வொருத்தர் வீட்லயும் ஊர் போட்டோ, கதை எல்லாம் இருக்கும்."

"சரி. ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்க ஆளுக்கொரு சமையல் கொண்டு வந்து சாப்பிடுற பாட்லக்குக்கு நானே வர்றேன். சரக்கு இருந்தா தலைப்பு உனக்கு. இல்லேன்னா நீ கலிஃபோர்னியா ரயில்வே பத்தி எழுது."

எனக்கு ரயில்ல ஏறினாலே வாந்தி வரும்.

ஓடி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். அப்பல்லாம் தமிழ்ல டைப் பண்ணி அனுப்புனா அடுத்தவங்களுக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அதனால தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிப்போம். ரெண்டு பக்கத்துக்கு விளக்கமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். வீட்டுல ஒரே போன் லைன். இன்டர்நெட்டும் அதுலதான்.

"ஏளா, ஆபீஸ்ல இருந்து கால் வரும். லைனை விடு"ன்னார் வீட்டுக்காரர்.

"ஒரு நிமிஷம்."

"நீ ஒரு நிமிஷம்னு சொல்லி முக்கா மணி நேரம் ஆச்சு."

கோவத்துல ரெண்டு பக்கத்தையும் அழிச்சுட்டு நாலு வரி அடிச்சு அனுப்பிட்டேன்.

"Kottai research. Unga veettula kottai irundha Sunday kondu vaanga. Pazhasu, odanjadhu ellaam OK. Enna kottai, endha oor-nu label ottunga. Professor vandhu paakkuraanga."

போட்டோன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். என் கோவத்துக்கு அது தெரியல.

சாயங்காலமே பதில் வர ஆரம்பிச்சுது. மளிகைக்கடை வச்சிருக்கிற சலீம் அங்கிள் போன்லயே வந்துட்டார்.

"ஏம்மா, எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. போன தடவை ஊருக்குப் போனப்ப பெட்டில வச்சுக் கொண்டாந்தோம்."

கோட்டைச் சுவர்ல இருந்து கல்லு பேத்துக் கொண்டாந்திருக்காரேன்னு எனக்குப் புல்லரிச்சுது.

"ஏர்போர்ட்ல ஒண்ணும் சொல்லலியா அங்கிள்?"

"பனியனுக்குள்ள சுத்தி வச்சிட்டோம்ல. உன் ப்ரொஃபசர் வெளிய சொல்லிர மாட்டாங்கல்ல?"

அடுத்தது விமலா ஆன்ட்டி. எங்க குரூப்புல பாட்லக்குக்கு மெனு போடுறவங்க.

"என்கிட்ட நெறைய கிடக்கும்மா. கொஞ்சம் ஊற வச்சிருக்கேன்."

செங்கல்லுல இருக்கிற அழுக்கு போக ஊற வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். என்ன பொறுப்பான ஆன்ட்டின்னு வீட்டுக்காரர்கிட்ட பெருமையாச் சொன்னேன். போன்ல யாராவது ஒருத்தர் அந்த வார்த்தையை வாயைத் திறந்து சொல்லியிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். எல்லாரும் "அது இருக்கு"ன்னுதான் சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸ் ஹால்ல ஒரு டேபிளுக்கு வெள்ளைத் துணி விரிச்சு வச்சுட்டு, மேடத்தைக் கூட்டிட்டு வர பார்க்கிங் லாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தா டேபிள் ரொம்பி வழியுது.

பூரா ஜிப்லாக் பிளாஸ்டிக் பை. பைக்குள்ள பூரா கொட்டை.

லேபிள் எல்லாம் நான் சொன்ன மாதிரியே சுத்தமா ஒட்டியிருந்தாங்க. Puliyankottai, Dindigul. Palakkottai, Panruti. Veppankottai, Madurai. Panankottai, Udangudi. Maankottai, Salem.

என் kottaiயை எல்லாரும் கொட்டைன்னு படிச்சிருக்காங்க. ஆனா மேடம் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அவங்களுக்கு நான் கத்துக் கொடுத்திருந்த தமிழ் வார்த்தை ஒண்ணே ஒண்ணு, kottaiன்னா ஃபோர்ட். நோட்டை எடுத்து மளமளன்னு எழுத ஆரம்பிச்சாங்க.

"பதினாலு கோட்டை! ஒவ்வொரு கோட்டை மண்ணுல முளைச்ச மரத்தோட விதையையும் கொண்டு வந்திருக்காங்களே. என்ன அருமையான மனுஷங்க."

வாயைத் திறந்தேன். கண்ணு முன்னாடி ரயில் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

சலீம் அங்கிள் மெதுவாப் பக்கத்துல வந்தார். "ஏம்மா, இந்தம்மா ஒவ்வொண்ணா எழுதுதே. அக்ரிகல்ச்சர் ஆபீஸா?"

"இல்ல அங்கிள், ஹிஸ்டரி."

"ஹிஸ்டரிக்கு எதுக்கும்மா மாங்கொட்டை?"

நியாயமான கேள்வி. ஊர்ல இருந்து விதை கொண்டு வர்றது இங்க சட்டப்படி தப்பாச்சேன்னு பயந்து அவர் தன்னோட ரெண்டு பையையும் எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அதைப் பார்த்து இன்னும் மூணு பேர் எடுத்துட்டாங்க. மேடம் திரும்பி எண்ணிப் பார்த்து, "ஒன்பதுதான் இருக்கு, மத்த கோட்டை எங்க போச்சு?"ன்னு தேடறாங்க.

அந்த நேரம் பார்த்து விமலா ஆன்ட்டி ஒரு தட்டோட வந்தாங்க. பலாக்கொட்டைப் பொரியல். ஊற வச்சது இதைத்தான்.

"ப்ளீஸ் ஈட், மேடம். கொட்டை."

"கோட்டை?"

"கொட்டை."

"நான் ஃபோர்ட்டைச் சாப்பிடணுமா?"

"நோ ஃபோர்ட், மேடம். சீடு, சீடு. வெரி டேஸ்டி."

மேடம் தட்டைப் பார்த்தாங்க, நோட்டைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. தீசிஸ் அவ்வளவுதான், ரயில்ல ஏத்தி விட்டாச்சுன்னு நினைச்சேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாத்தையும் ஒப்பிச்சேன். ஈமெயில், போன் லைன், குறிலு, நெடிலு, என் வாழ்க்கை.

மேடம் தட்டுல இருந்து ஒரு பலாக்கொட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம், "அப்போ இந்தப் பலாக் கோட்டையை யாரும் முற்றுகை போடலியா?"ன்னாங்க.

"இல்ல மேடம். நாங்க அதைக் குழம்புலதான் போடுவோம்."

அவ்வளவுதான். நாற்காலில சாஞ்சு, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாங்க. சலீம் அங்கிள் பயந்து போய்த் தண்ணி கொண்டு வந்தார். விஷயம் தெரிஞ்சதும் அவருக்குத்தான் கோவம்.

"கோட்டைன்னு ஒழுங்கா எழுதியிருந்தா சும்மா கையை வீசிக்கிட்டு வந்திருப்பேனே. எனக்கு ஊரே தேவகோட்டைதானே."

"எனக்கு அருப்புக்கோட்டை"ன்னாங்க விமலா ஆன்ட்டி. பின்னாடி இருந்து ஒரு நிலக்கோட்டை, ரெண்டு புதுக்கோட்டை, ஒரு செங்கோட்டை.

மேடம் சிரிப்பை நிறுத்திட்டு நோட்டுல புதுப் பக்கம் திருப்பினாங்க. ரெண்டு மணி நேரம் ஒருத்தரையும் சாப்பிட விடல. "ஊர்ல கோட்டை எங்கன்னு வாத்தியார்ட்ட கேட்டு அடி வாங்கினேன்"னு சலீம் அங்கிள் சொன்னதைக் கூட எழுதிக்கிட்டாங்க.

கிளம்பும்போது, "தலைப்பு உனக்குத்தான். ஆனா இனிமே நெடிலுன்னு தெரியற மாதிரி அந்த o மேல ஒரு கோடு போடாம எனக்கு ஒரு வரியும் அனுப்பக் கூடாது"ன்னாங்க. எனக்கு இருந்த சந்தோஷத்துல அவங்களைக் கட்டிப் பிடிச்சுட்டேன். அவங்க கையிலிருந்த தட்டுப் பொரியல் அவங்க போட்டிருந்த கோட்டுல கொட்டினதை ரெண்டு பேருமே கண்டுக்கல.

எல்லாரும் அவங்கவங்க பையை எடுத்துக்கிட்டதுல டேபிள்ல கடைசியா ஒரே ஒரு பைதான் மிச்சம். மேடம் அதை எடுத்து லேபிளைப் படிச்சாங்க.

"Mundhirikkottai. இதுக்கு மட்டும் ஊர் பேர் எழுதலியே. இது எந்த ஊரு?"

"சான்டா கிளாராதான் மேடம். அவசரப்பட்டு ஈமெயில் அனுப்பிட்டு உங்க முன்னாடிதான் நிக்குது."