மலை வெடிக்காத அன்று ஏமாறாத மனிதர்

ஏமாறாதவர் என்றொரு இனம் உண்டு. வதந்தி கேட்டு ஊரே தலைதெறிக்க ஓடி, மூச்சு வாங்கி, வெட்கப்பட்டு வீடு திரும்பிய பிறகுதான் இந்த இனம் முளைக்கும். அதுவரை எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். ஓடியவர்களின் முதல் வரிசையில் இருந்தது.

எரிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் புயாரோ ஊரில் இந்த இனத்தின் தலைவர் டான் எலாடியோ பாஸ்புவெல்; 'டான்' என்றால் எங்கள் பக்கம் 'ஐயா'. வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் வாய்க்கால் சபைக்கும் அவரே தலைவர். முப்பது வருடத்துக்கு முன் ஒரு மாலை, ஊர் வானொலியில் நாடகம் போட்டார்கள். மலை பிளந்தது, நெருப்புச் சேறு இறங்கி வருகிறது என்று ஒருவர் செய்தி போலவே வாசிக்க, பின்னால் நிக்கானோர் என்பவர் தகரத்தை ஆட்டி உறுமல் கொடுத்தார். ஜன்னலைத் திறந்து மலையைப் பார்ப்போமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எலாடியோ என்ன செய்தார்? "தகரச் சத்தம்னு முதல் உறுமல்லயே தெரிஞ்சுபோச்சு. உக்காந்து காப்பி குடிச்சேன்." கல்யாண விருந்திலும் சாவு வீட்டிலும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் இதைச் சொல்வார். உண்மையில் கோவேறு கழுதையை அவிழ்த்தார், ஏறினார், கோயிலைப் பார்க்கப் போனார். மனைவி டெல்ஃபினா வாசலில் நின்றாள். "ரெண்டு பேரைக் கழுதை தாங்காதுன்னு யோசிச்சிருப்பாரு. நிதானமான மனுஷன்" என்பாள் அவள்.

மலை புகைந்தால் எங்கள் ஊரில் மாதா சிலையைக் கோயில் படிக்குக் கொண்டுவருவார்கள். அதன் முன் ஆண்கள் மண்டியிட்டுத் தங்கள் குற்றங்களை உரக்கச் சொல்ல வேண்டும்; மாதாவுக்குக் காது மந்தம் போலும். அன்றும் சொன்னார்கள். ஒருவன் திருட்டு எடைக்கல்லைச் சொன்னான், ஒருவன் தம்பி மனைவியைச் சொன்னான். எலாடியோ நெஞ்சில் அறைந்துகொண்டு, சோய்லா கிலும்பாவின் தண்ணீர் முறை வரும்போதெல்லாம் அவள் மடையை அடைத்துத் தன் உருளைக்கிழங்கு வயலுக்குத் திருப்பியதைச் சொன்னார். கணவனை இழந்த சோய்லா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாடகம்தான் என்று தெரிந்ததும் ஊர் என்ன செய்தது? சிரித்ததா? வானொலி நிலையத்துக்குத் தீ வைத்தது. ஏமாந்த கோபம் என்கிறார்கள். கிடையாது. பொய்யைக் கேட்டதற்காக அல்ல, உண்மையைச் சொல்லித் தொலைத்ததற்காக வைத்த தீ அது. உள்ளே இருந்த நிக்கானோர் வெளியே வரவில்லை.

மறுநாளே தர்க்கம் தயார். மலை வெடித்தது பொய், ஆகவே பயம் பொய், ஆகவே பயத்தில் சொன்னதும் பொய். சோய்லா தன் முறைத் தண்ணீரைக் கேட்டுச் சபைப் படி ஏறிய ஒவ்வொரு முறையும் எலாடியோ இதையே ஒப்பித்து அனுப்பினார். அவள் சோளம் வருடா வருடம் முழங்கால் உயரத்திலேயே கருகியது.

போன வருடம் அந்தப் பீதியைப் படமாக்க மாரித்சா என்ற இயக்குநர் வந்தார். வீடு வீடாகப் போய் விசாரித்தார். யாருமே ஏமாறவில்லையாம். அப்படியானால் ஓடியது யார் என்று கேட்டதற்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் என்றார்கள். சோய்லா மட்டும் தானும் ஓடியதைச் சொன்னாள், கோயில் படியில் கேட்டதையும் சொன்னாள். அது படத்தில் வந்தால்தான் தனக்குத் தண்ணீர் வரும் என்றாள். எலாடியோ முந்திக்கொண்டார். கோயில் படி, கழுதைகள், கூட்டம் எல்லாம் தன் ஏற்பாடு. ஆனால் யாரும் குற்றம் சொல்லும் காட்சி கூடாது, தன் வேடத்தில் தானே நடிப்பார். கூட்டமில்லாமல் பீதி ஏது? மாரித்சா தலையாட்டினார்.

படப்பிடிப்பு அன்று எலாடியோ படியில் காப்பியோடு அமர்ந்தார். சுற்றிலும் ஊர் மண்டியிட்டது. சும்மா முணுமுணுத்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். காமிரா ஓடியது. சோய்லா முணுமுணுக்கவில்லை. நெஞ்சில் அறைந்துகொண்டு எலாடியோவின் குரலிலேயே கத்தினாள்.

"தாயே, நான்தான் எலாடியோ. சோய்லா மடையில கல்லை வச்சுத் தண்ணியத் திருப்பினேன்."

அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எதிலும் தவறே செய்யாத மனிதர், தன்மேல் ஓர் அரைகுறை வேலையைச் சுமத்தினால் பொறுப்பாரா?

"கல்லா? கல்லு வச்சா கசியாதா, கூறுகெட்டவளே? புல்லோட மண்ணை வெட்டி அடைச்சேன். ஒரு சொட்டு கசிஞ்சதில்ல."

மாரித்சா காமிராவை நிறுத்தச் சொல்லவில்லை. சோய்லா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள்.

"இன்னைக்கு மலையும் வெடிக்கல, ரேடியோவும் பாடல. உங்களை யாரும் பயமுறுத்தல, டான் எலாடியோ. இதுவும் பொய்தானா?"

அடுத்த முறைத் தண்ணீர் அவள் வயலுக்குப் போனது. சபையே கைதூக்கி அனுப்பிவைத்தது. எலாடியோவுக்கு மட்டும் சொல்ல ஒன்று இருந்தது: அவள் தன்னை ஏமாற்றப் பார்த்தது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டதாம், பாவம் என்று தானாக விட்டுக்கொடுத்தாராம்.

சிரிக்கிறீர்கள். இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்கிறீர்கள், இல்லையா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். குரல் அப்படியே அவருடையது.