விரியாத குடையின் நிகழ்தகவு

கடையிலிருந்து திரும்பி வந்த குடையின் பொத்தானை மேற்பார்வையாளர் அழுத்தினார். விரியவில்லை. உதறினார். விரியவில்லை. எரிச்சலில் மேசைமேல் போட்டார். பட்டென்று விரிந்து தேநீரைக் கவிழ்த்தது.

"இன்னொரு தடவை இப்படித் திரும்பி வந்தா, உங்களைக் குடைக்குக் கைப்பிடி ஒட்டுற மேசைக்கு அனுப்பிடுவேன்," என்று முதலாளியம்மா காலையில்தான் சொல்லியிருந்தார். அந்த மேசையில் அவர் மனைவியின் தம்பி வேலை செய்கிறான். மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவுவதா என்று, தேநீரைத் துடைத்துவிட்டு நேராகச் சோதனை அறைக்குப் போனார்.

குடைகளை விரித்துச் சோதிப்பவர் ஓர் அக்கா. பத்துக் கோளாறில் ஒன்று அவர் கைக்குத் தப்பிவிடும். மேற்பார்வையாளரோ நிகழ்தகவு படித்தவர். தொழிற்சாலையில் அவரைக் கணக்குப்புலி என்பார்கள், அவர் காதில் விழும்போது மட்டும்.

"அக்கா, உங்களுக்கு அப்புறம் இன்னொருத்தர் பார்த்தா, அவர்கிட்டயும் பத்துல ஒண்ணுதான் தப்பும். பெருக்கிப் பாருங்க. நூத்துல ஒண்ணு."

"பெருக்க வேற ஆள் இருக்காங்களே சார்."

அவர் காதில் வாங்காமல், கண்ணாடிக்காரர் என்று எல்லோரும் அழைக்கும் பெரியவரை அக்காவுக்கு அடுத்து உட்கார வைத்தார். புகார் இரட்டிப்பானது.

கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தார். அக்கா குடையைப் பாதி விரித்து, "மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க அண்ணே," என்று நீட்டினார். "நீ பார்த்ததுக்கு அப்புறம் நான் என்னத்தம்மா பாக்கறது," என்று கண்ணாடிக்காரர் அதை அப்படியே தேறிய குடைகளோடு சேர்த்தார்.

மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க சரின்னதும் நீங்களும் சரின்னா, அது நிபந்தனை நிகழ்தகவு. அப்படிப் பெருக்கக் கூடாது. ரெண்டு பேரும் சார்பில்லாம இருக்கணும்."

"நான் யார் பக்கமும் சாயல தம்பி," என்றார் கண்ணாடிக்காரர் மனத்தாங்கலுடன்.

மறுநாளே பழைய அலமாரிப் பலகைகளால் தடுப்பு எழுந்தது. அந்தச் சின்ன அறைக்குள் மூன்று கூண்டுகள். மூன்றாவதில் மச்சான். தப்புவது ஆயிரத்தில் ஒன்று என்றால் முதலாளியம்மா மறுபேச்சுப் பேச முடியாது. தடுப்புகளில் ஆளுக்கொரு ஓட்டை. குடை நுழையும், பக்கத்துக் கூண்டு தெரியாது. கோளாறான குடையைப் போட வெளியே ஒரு கூடை.

அக்கா கூண்டுக்குள்ளிருந்து, "சார், இதுக்குள்ள உட்கார்ந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்கக்கா. பேசினா சார்பு வந்துடும்."

சாயங்காலத்துக்குள் கூடை நிரம்பி வழிந்தது. மேற்பார்வையாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று மூளைகள், ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாமல் வேலை செய்கின்றன. அவரே முதலாளியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நேர்ல வந்து பாருங்கம்மா. கோளாறு ஒண்ணும் தப்பாது."

முதலாளியம்மா வந்து இறங்கியபோது நல்ல மழை. வாசலிலேயே அவர் கையில், தேறிய குடைகளில் ஒன்றை மேற்பார்வையாளர் பணிவாகக் கொடுத்தார். விரியவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொன்று கொடுத்தார். அது பாதியில் நின்று, துணி தனியாகக் கழன்று முதலாளியம்மாவின் தோளில் துண்டுபோல் விழுந்தது.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர், துடைத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காத கோபத்தில், கூடையிலிருந்து ஒரு குடையை உருவிப் பொத்தானை அழுத்தினார். பூப்போல விரிந்தது. அடுத்ததும் விரிந்தது.

"தேறினது விரியல. கழிச்சது விரியுது. இது எந்தக் கணக்குல வருது?"

முதலாளியம்மா நேராகக் கடைசிக் கூண்டுக்குப் போய்ப் பலகையைத் தட்டினார்.

"உள்ள இருக்கறவர் குடைய எப்படிச் சோதிக்கறீங்க?"

முழங்கால் முகவாயில் இடிக்க, மச்சான் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். முதலாளியம்மாவைப் பார்த்தான். பின்னால் வெளிறிப்போய் நின்ற தன் அக்காள் புருஷனான மேற்பார்வையாளரையும் பார்த்தான். அத்தானைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தான்.

"இதுக்குள்ள குடைய விரிக்க இடம் ஏதும்மா? மூணு பேருமே விரிச்சுப் பாக்காம, தோணினதை எடுத்துக் கூடைல போடறோம், மிச்சத்தைத் தேறினதுன்னு தள்ளறோம். ஆனா அத்தான் சொன்ன மாதிரி, சத்தியமா, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போடல."