வைண்டர் தூங்கினால் பாட்டு ஹிட்டு

கச்சேரிக்குப் போய்த் தூங்கியவர்கள் உலகத்தில் ஏராளம். நானே சில கல்யாண ரிசப்ஷன்களில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். ஆனால் தூங்குவதற்கென்றே கச்சேரிக்குப் போய், முதல் வரிசையில் நாற்காலி பிடித்து, குறட்டை விட, மேடையில் இருப்பவர்கள் அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டது எங்கள் கோலார் தங்கவயலில் ஒரே ஒருவர் விஷயத்தில்தான். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவர் வைண்டர்.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் வைண்டிங் இஞ்சின் ஓட்டியவர். ஆட்கள் ஏறிய கேஜ் என்ற இரும்புக் கூண்டைக் கயிற்றில் சுரங்க ஷாஃப்டுக்குள் இறக்கி, மறுபடி மேலே ஏற்றுகிற வேலை. டூட்டியில் ஒருநாளும் கண் அசந்ததில்லை. வீட்டுக்கு வந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் ஓட்டுகிற இஞ்சின் சத்தம் காதில் விழும், நிம்மதியாகத் தூங்கிவிடுவார். சுரங்கத்தை மூடினார்கள். இஞ்சின் நின்றது. அதோடு மனிதரின் தூக்கமும் போயிற்று.

"சத்தம் நின்னா இன்னா அர்த்தம்? இஞ்சின் நின்னுபோச்சி. கீழ ஆளுங்க மாட்டிக்கினாங்க. அப்பறம் எங்க கண்ண மூடறது?" என்பார்.

"கீழ யாருண்ணா கீறாங்க? மூடி எத்தினி வருசம் ஆச்சி!" என்போம்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். என் காதுக்குத் தெரியுமா?"

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. மாவு மில்லில் போய் மூட்டைமேல் படுத்தார். அருமையாகத் தூங்கினார். குறட்டையைக் கேட்டு மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்த மில்காரர், மெக்கானிக்கைக் கூப்பிட்டு பெல்ட்டு, பேரிங் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் வைண்டருக்கு வாசலைக் காட்டிவிட்டார். அப்புறம் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர் வரை தூங்கி, அதே வண்டியில் தூங்கிக்கொண்டே திரும்பினார். வேலைக்குப் போகிற நாங்கள் ஒற்றைக்காலில் தொங்க, இவர் ஜன்னலோரம் சுகமாக வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார். சண்டை போட்டு அதையும் நிறுத்தினோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் தொடர்ந்து இரண்டு நாள் தூங்காவிட்டால் அவருக்கு ஆள் அடையாளமே தெரியாது. பெண்டாட்டி சரோஜா அண்ணியையே யாரோ போலப் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சுகு என்ற பையன் மூன்று சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு 'கரண்ட் கம்பி' என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தான். பாட்டு கிடையாது, பாடுகிறவனும் கிடையாது. நாலு லேப்டாப், ரெண்டு கீபோர்ட். "ம்ம்ம்ம்" என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் "ம்ம்ம்ம்"தான். எலக்ட்ரானிக் மியூசிக் என்றான். எனக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் மாதிரிதான் கேட்டது. ஆனாலும் நம்ம ஊர்ப் பிள்ளைகளை விட்டுக்கொடுக்க முடியுமா? ரசிகர் மன்றச் செயலாளர் ஆனேன்.

தங்கவயலுக்குள்ளேயே நந்திதுர்க்கில் ஒரு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் நிகழ்ச்சி. ஐந்தாவது நிமிஷம் முதல் வரிசையிலிருந்து குறட்டை. சுகுவுக்கு முகம் செத்துவிட்டது. பாதியில் நிறுத்தினான். அடுத்த நொடி வைண்டர் துள்ளி எழுந்தார்.

"எவன்டா நிறுத்தனது? கீழ ஆளு கீறாங்க! ஓட்டுடா!"

பயந்துபோய் ஓட்டினான். அவர் மறுபடி தூங்கினார். எத்தனையோ வருஷம் கழித்துப் புருஷன் அசந்து தூங்குவதைப் பார்த்து, சரோஜா அண்ணி ஹாலிலேயே தேம்பித் தேம்பி அழுதார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சுகு வீட்டில் பிராக்டீஸ் ஆரம்பித்தால், வைண்டர் மடக்குக் கட்டிலோடு ஆஜர். பென் டிரைவில் போட்டுக் கொடுத்துப் பார்த்தோம், வேண்டாம் என்றுவிட்டார். "டேப்புல ஓடற இஞ்சின நம்பி எவன் தூங்குவான்? ஆளு ஒக்காந்து ஓட்டணும்டா." பையன்களுக்கும் அவர்தான் அளவுகோல். ஐந்து நிமிஷத்தில் தூங்கினால் ஹிட்டு, பத்து நிமிஷமென்றால் சுமார்.

மூன்று வருஷம் இப்படி ஓடியபின், போன வருஷம் சுகு குண்டு போட்டான். இனிமேல் ராக். கிட்டார், டிரம்ஸ், வாயைத் திறந்து பாட ஒரு ஆள். எல்லாரும் கூடவே பாடுகிற மாதிரி பாட்டு.

மன்றத்தில் பிரளயம். தலைவர் பாபு வாட்ஸாப் குழுவில் 'துரோகம்' என்று எழுதி, கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு வெளியேறினார். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்க்கச் சாயங்காலமே திரும்பச் சேர்ந்தார். ஒருவர் மன்றத்து டீஷர்ட்டைக் கிழித்துவிட்டு, வீட்டில் திட்டு வாங்கித் தானே தைத்துக்கொண்டார். நான் மட்டும் வேறு கட்சி. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. மூன்று வருஷமாக ஃப்ரிட்ஜுக்குத் தலையாட்டிக் கழுத்து சுளுக்கியிருந்தது.

ஆனால் வைண்டர்?

"பாட்ட இன்னாவோ பண்ணிக்கோங்க. அவரு தூக்கத்துல மண்ண போட்டுடாதீங்கப்பா" என்று சரோஜா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் சந்தோஷமெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது.

ராக் நிகழ்ச்சிக்கும் அதே ஹால், அதே மதிய நேரம். வைண்டர் முதல் வரிசையில். பக்கத்தில் நான். பின்னால் பாபு, எதிர்ப்பைக் காட்டக் கையைக் கட்டிக்கொண்டு. டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் நாற்காலியே அதிர்ந்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஹாலில் ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. எல்லாரும் வைண்டரைப் பார்த்தார்கள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்தது. ஒரு குறட்டை இல்லை.

சுகு கிட்டாரைக் கழற்றிக் கீழே வைக்கப் போனான். மைக்கிலேயே கேட்டான்.

"இன்னா மாமா... தூக்கம் வரலியா? லேப்டாப்ப எடுத்தாரவா?"

"போடா லூசு! புது கயிறு போட்டா மொத ட்ரிப்புல எவனாச்சும் ஆளு ஏத்துவானா? வெறும் கேஜ உட்டுப் பாக்கணும், கண்ணு முழிச்சிப் பாக்கணும். பாத்துட்டேன். கயிறு தாங்குது. இப்ப ஓட்டு."

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. வைண்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பாடகன் உச்சத்துக்குப் போய் அலறியபோது அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதி பாட்டு முடிகிறவரைதான். இந்த ராக்கில் ஒரு பெரிய தொல்லை, பாட்டுக்குப் பாட்டு நிறுத்துவார்கள். நின்றது. என் தோளில் வைண்டரின் தலை அசைந்தது, கண்ணிமை துடித்தது. வேறு வழி தெரியாமல் நான் தடதடவென்று கை தட்டினேன். பின்னால் ஒருவர் சேர்ந்துகொண்டார். திரும்பிப் பார்த்தால், கட்டிய கையை அவிழ்த்துவிட்டுப் பாபு பேய்த்தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "தட்டுங்கப்பா! தட்டுங்க! முழிச்சிக்கப் போறாரு!" மொத்த ஹாலும் தட்டியது. அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்வரை ஒருவர் கையும் நிற்கவில்லை. வைண்டர் சப்புக்கொட்டிக்கொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்தார்.

இப்போது கரண்ட் கம்பிக்குப் பெங்களூரிலெல்லாம் நிகழ்ச்சி, அங்கேயும் முதல் வரிசையில் வைண்டர். இப்படி ஓயாமல் கை தட்டுகிற ரசிகர்களைப் பார்த்ததே இல்லை என்று அங்கே ஆச்சரியப்படுகிறார்கள். சுகு நடுவில் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க நின்றால் எங்கள் உள்ளங்கை பழுத்துவிடும். பழுக்கட்டும். என் அப்பா இருபது வருஷம் வைண்டர் ஓட்டிய கேஜில் இறங்கினார். ஒவ்வொரு ஷிப்டும் முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.